பச்சையும் பசுமையும்

சின்னாளப்பட்டியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு



ஓர் ஆங்கில அடைச்சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘கிரீன்’ என்பது அந்தச் சொல். இதற்கு ஒரு மாலைப்பொழுதா என்று சிலர் நினைக்கலாம். அறக்கட்டளை என்றதும் சென்னைக்காரர்களுக்கு முதலில் நினைவு வருகிறவர் பச்சையப்பர். 1794இல் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற அறப்பணத்தைக் கொண்டு 1842இல் ஒரு பள்ளி தொடங்கியது, அது பிறகு கல்லூரியாக வளர்ந்தது. அறக்கட்டளை மேடையில் பச்சையைப் பற்றிப் பேச இதைவிட வேறு சிபாரிசு எனக்குத் தேவையில்லை.

சின்னாளப்பட்டியில் இதைப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஊர்த் தெருக்களில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் சௌராஷ்டிரமும் கேட்கின்றன. கன்னடம் பேசும் வீடுகளில் வேகாததை ‘ஹசி’ என்பார்கள். பச்சை நிறத்துக்கு ‘ஹசிரு’. பழைய பகரம் கன்னடத்தில் ஹகரமானது உங்களுக்குத் தெரியும்: பால் ஹாலு ஆயிற்று, புலி ஹுலி ஆயிற்று, பல் ஹல்லு ஆயிற்று. அப்படித்தான் நம்முடைய ‘பசு’ என்ற அடி அங்கே ‘ஹசி’ ஆயிற்று. தெலுங்கு வீடுகளில் வேகாததும் பழுக்காததும் ‘பச்சி’, நிறம் ‘பச்ச’. அந்தப் பச்ச சில இடங்களில் மஞ்சளையும் குறிக்கும். பரோவும் எமெனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இவற்றையெல்லாம் ஒரே வேரின் கீழ் வைத்திருக்கிறது. ஒரு சின்ன வேடிக்கை: நாம் பச்சைப் பொய் என்கிறோம், மலையாளி பச்சக்கள்ளம் என்கிறார், தெலுங்கர் பச்சி அபத்தம் என்கிறார், கன்னடர் ஹசி சுள்ளு என்கிறார். காவிரிக்கும் பாலாற்றுக்கும் சண்டை போடுகிறவர்கள் பொய்க்கு ஒரே அடைமொழி வைத்திருக்கிறோம்.

ஆங்கிலேயரின் பொய் வெள்ளையாக இருக்கும். அது மன்னிக்கத்தக்க பொய். நம்முடைய பொய் ஏன் பச்சையாக இருக்கிறது? நிறத்தை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. பச்சைத் தண்ணீருக்கு நிறமே இல்லை. பச்சரிசி வெள்ளை. பச்சை முட்டையும் வெள்ளை. பச்சைப் புண் சிவப்பு. பச்சைக் கற்பூரத்தில் ஒரு துளிப் பச்சையும் கிடையாது. இவற்றில் எதையும் கண்ணால் பார்த்துப் பச்சை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பொருள் தன் இறுதி நிலைக்குப் போகும் வழியில் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொன்னார்கள். சமைக்கவில்லை, காயவில்லை, ஆறவில்லை, பழுக்கவில்லை. செடியின் நிறத்துக்கும் அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், செடி அந்த நிலையில் இருக்கும்போது அந்த நிறத்தில் இருக்கிறது என்பதுதான். பச்சை என்ற வீட்டில் நிறம் ஒரு குடித்தனக்காரர், வீடு அவருடையதன்று.

ஆங்கிலத்திலும் கதை இதுவே. ‘கிரீன்’, வளர்தலைச் சொல்லும் ‘குரோ’, புல்லைச் சொல்லும் ‘கிராஸ்’ மூன்றும் ஒரே வேரில் பிறந்தவை. வெட்டி இன்னும் உலராத மரம் அவர்களுக்குக் கிரீன் டிம்பர், நமக்குப் பச்சை மரம். பழைய ஆங்கிலத்தில் புதுக் காயத்தைக் கிரீன் ஊண்டு என்றார்கள். நாம் பச்சைப் புண் என்கிறோம். சூளையில் வேகாத செங்கல் அவர்களுக்குக் கிரீன் பிரிக், கல் அறுக்கிற நம்மாட்களுக்குப் பச்சைக்கல். தாண்டிக்குடிப் பக்கம் விளைந்து வறுக்காமல் மூட்டை கட்டிய காப்பிக்கொட்டை இரு மொழியிலும் பச்சைதான். வார்ப்பட ஆலைகளில் அச்சுக் கட்டும் மணலுக்குக் கிரீன் சாண்ட் என்று பெயர். கோவைப் பக்கம் அந்த வேலை செய்தவர்கள் இங்கே இருந்தால் சொல்வார்கள், அந்த மணல் கரிக்கறுப்பு. களியும் நிலக்கரித் தூளும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்த ஈர மணல் அது. உலர்த்தாமல், ஈரத்தோடு உலோகம் ஊற்றுவதால் கிரீன். கறுப்பு மணலைப் பச்சை என்று ஓர் இங்கிலீஷ்காரர் சொன்னபோது அவருக்குக் கண்ணில் கோளாறு இல்லை. நம் பாட்டிமார் பச்சைத் தண்ணீர் என்று சொன்ன அதே அர்த்தத்தில்தான் அவரும் சொன்னார்.

இதை உலகத்துக்கு நிறுவிக் காட்டியவர் ஹெரால்ட் காங்க்லின் என்ற மானிடவியலாளர். பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டோரோ தீவில் வாழும் ஹனுனோ மக்களிடம் அவர் நிறப்பெயர்களைக் கேட்டுப் பழகி, 1955இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர்களுடைய நான்கு அடிப்படைப் பெயர்களில் ஒன்று ஈரமும் துளிர்ப்பும் உள்ளதைக் குறிக்கிறது. நம் பச்சைக்கு அண்ணன் தம்பி உறவு. அதற்கு எதிர்ச்சொல் சிவப்பைக் குறிப்பது. ஆனால் உலர்ந்தது என்பதும் அதன் பொருள். அப்போதுதான் வெட்டிய மூங்கில் துண்டு பழுப்பாகவே இருந்தாலும், வெட்டுமுகம் ஈரமாகப் பளபளத்தால் அதற்கு முதல் சொல்தான். நிறப்பெயர் என்று நாம் நினைப்பது எல்லா மொழியிலும் வெறும் நிறப்பெயராக இருப்பதில்லை என்பதைக் காங்க்லின் காட்டினார். ஜப்பானியர் கைக்குழந்தைக்கு ‘மிதொரிகோ’ என்று ஒரு பழைய சொல் வைத்திருக்கிறார்கள். பச்சைக் குழந்தை என்று அப்படியே தமிழாக்கலாம்.

நம் வழக்கில் குழந்தை மட்டும் பச்சையில்லை, பெற்றவளும் பச்சை உடம்புக்காரி. ‘பச்சை உடம்போடு பச்சைத் தண்ணியில கை வைக்காதே’ என்று மாமியார் சொல்லும் ஒரு வாக்கியத்தில் அந்தச் சொல் இரண்டு முறை வருகிறது, இரண்டு முறையும் பொருள் வேறு. முதலாவது ஆறாதது, இரண்டாவது காயாதது. நெருப்பு பட்டதா, ஈரம் போனதா என்ற இரண்டு கேள்விகளைச் சொல்லுக்குள்ளேயே வைத்துப் பேசியிருக்கிறார்கள். பச்சைப் பொய்க்கும் இங்கேதான் விடை. உப்பு, புளி, காரம் எதுவும் சேர்த்துச் சமைத்துப் பரிமாறாமல், அப்படியே கொண்டுவந்து வைத்த பொய் அது. பச்சை பச்சையாகப் பேசுவதும் அந்த வழியில் வந்தது. ஸ்பானியர்கள்கூட ஆபாசத் துணுக்கைப் பச்சைத் துணுக்கு என்றுதான் சொல்கிறார்கள். காமராசரைப் பெரியார் பச்சைத் தமிழர் என்று அழைத்தபோது வசவுக்குப் பயன்பட்ட அதே அடைமொழி பட்டமாக மாறியது. கலப்பில்லாதவர் என்று பொருள். பச்சைத் துரோகியும் கலப்பில்லாதவன்தான்; எதில் கலப்பில்லை என்பதை அடுத்து வரும் பெயர்ச்சொல் முடிவு செய்கிறது.

நெசவாளர்கள் வாழும் இந்த ஊரில் எழ வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. வெளுக்காத, சாயம் ஏறாத நூலை ஏன் யாரும் பச்சை நூல் என்று சொல்வதில்லை? பசை நீக்காத பட்டு கோராப் பட்டு. வெளுக்காத துணி காடாத் துணி. ஆலைக்காரர்கள் அதைக் கிரே துணி என்பார்கள். அதுவும் சாம்பல் நிறமாக இருக்காது, பழுப்பு வெள்ளையாக இருக்கும். நம்மிடம் கைவசம் இருந்த பச்சையை விட்டுவிட்டு வடக்கிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஏன் சொல் வாங்கினோம்? எனக்குத் தோன்றுவது இது. பஞ்சு, காய் வெடித்துக் காய்ந்த பிறகுதான் கைக்கு வருகிறது. நூலாகும் முன்பே அதன் ஈரம் போய்விட்டது. நெருப்பிலும் அது வேகப்போவதில்லை. ஈரக் கேள்வியும் நெருப்புக் கேள்வியும் பொருந்தாத பொருளுக்குப் பச்சை என்ற பெயர் ஒட்டவில்லை.

ஒட்டிய தொழில் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் பதனிடாத தோலுக்குப் பெயர் பச்சைத் தோல். ஆங்கிலத்திலும் கிரீன் ஹைடு. உரித்த தோலில் ஈரம் இருக்கிறது, அழுகும் அவசரமும் இருக்கிறது; உப்பைப் போட்டு நிறுத்தி வைக்கிறார்கள். பிறகு சுண்ணாம்புத் தொட்டி, முடி நீக்கல், சதை வழித்தல். பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். குரோமிய உப்பு வந்த பிறகு வேலை சீக்கிரம் முடிந்தது. தோல் தொட்டியிலிருந்து வெளிர்நீலமாக வெளியே வரும், அதற்கு ‘வெட் ப்ளூ’ என்று பெயர். பச்சையாகப் போய் நீலமாக வருகிறது என்று தொழிலாளர்கள் பேசிக்கொள்வதில் பச்சை நிலையைக் குறிக்கிறது, நீலம் நிறத்தைக் குறிக்கிறது. ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு கணக்கு.

இந்தத் தோலுக்கு மறுபடியும் வருவேன். அதற்குமுன் சங்கப் பாட்டுக்காரர்களையும் சாயக்காரர்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

பிரிவால் வாடும் தலைவியின் மேனியில் படர்வது பசலை. திருக்குறளில் பசப்புறு பருவரல் என்று ஓர் அதிகாரமே உண்டு, 119ஆவது. செழிப்பைச் சொல்லும் வேரிலிருந்து வாட்டத்தைச் சொல்லும் சொல் எப்படிப் பிறந்தது என்று உரையாசிரியர்களும் ஆய்வாளர்களும் பலவாறு யோசித்திருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் இதே விசித்திரம் நடந்தது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே இளம்பெண்களுக்கு வரும் ஒரு நோயைக் ‘கிரீன் சிக்னஸ்’ என்றார்கள். முகம் வெளிறும், பசி இருக்காது, மூச்சு வாங்கும். காதல் ஏக்கம் என்றார்கள், கல்யாணம் செய்துவைத்தால் சரியாகும் என்றும் மருத்துவர்களே எழுதினார்கள். இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகை அது என்று பின்னால் தெரிந்தது. நம் தலைவியருக்கும் முருங்கைக்கீரை கொடுத்திருக்கலாம் என்று சொல்ல வரவில்லை. தமிழாசிரியர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

சாயத்துக்கு வருகிறேன். காடு மேடெல்லாம் பச்சையாக இருந்தும், இலையைப் பிழிந்து துணிக்குப் பச்சை ஏற்ற முடிவதில்லை. இலைப்பச்சையம் பருத்தியில் நிலைப்பதில்லை. செயற்கைச் சாயம் வரும்முன் பச்சை வேண்டுமானால் அவுரி நீலத்தில் ஒரு முறை, மஞ்சள் தரும் சாயத்தில் ஒரு முறை என்று இரண்டு தொட்டியில் இறக்க வேண்டும். மஞ்சள் வெயிலுக்குச் சீக்கிரம் வெளுக்கும், நீலம் நிற்கும். ஐரோப்பிய அரண்மனைகளின் பழைய திரைச்சீலைகளில் மரத்து இலையெல்லாம் நீலமாக இருப்பது இதனால்தான். நெய்தவன் பச்சையாகத்தான் நெய்தான். ராமர் பச்சை, கிளிப்பச்சை, பாட்டில் பச்சை என்று இன்று சுங்குடிச் சேலைக்கடையில் கேட்டவுடன் எடுத்துப் போடுகிறார்கள். ஒரு காலத்தில் பச்சை என்றாலே இரட்டைக் கூலி.

பிறகு வந்த ஒரு பச்சை கொடியது. 1775இல் ஷீலே என்ற சுவீடன் வேதியியலாளர் செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பச்சை நிறமி செய்தார். மலிவு, பளிச்சென்ற நிறம். ஐரோப்பா சுவர்த்தாளுக்கும் பெண்கள் உடைக்கும் செயற்கைப் பூவுக்கும் அதைப் பூசியது. பூசியவர்களுக்குப் புண் வந்தது, பலர் இறந்தும் போனார்கள். அதன் தம்பி பாரிஸ் பச்சை. பார்க்க அழகாக இருந்த அதை அமெரிக்க விவசாயிகள் உருளைக்கிழங்கு வண்டுக்குப் பூச்சிமருந்தாகத் தூவினார்கள். இயற்கையின் நிறம் என்று இன்று நாம் சொல்லும் நிறம் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வீடுகளில் நஞ்சின் அடையாளமாக இருந்தது.

இனி நம் காலத்துக் கிரீன். அரசு அலுவலகத்தில் பச்சை மை, நாடகக் கொட்டகையில் கிரீன் ரூம், அமெரிக்கக் கனவில் கிரீன் கார்டு ஆகியவற்றைச் சொல்லாமலே தாண்டுகிறேன். 1968 மார்ச்சில் அமெரிக்க உதவி நிறுவனத்தின் தலைவர் வில்லியம் காட் ‘கிரீன் ரெவல்யூஷன்’ என்ற தொடரைச் சொன்னார். வயல் பச்சை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ரஷ்யாவின் சிவப்புப் புரட்சி வேண்டாம், இது போதும் என்று சொன்னார். நம் பக்கத்துச் சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்து வழிவகுத்த அந்த மாற்றத்துக்குத் தமிழில் பசுமைப் புரட்சி என்று பெயர் வைத்தோம். பச்சைப் புரட்சி என்று வைக்கவில்லை. அங்கேதான் பாதை பிரிந்தது என்று நினைக்கிறேன். அதன்பின் ஆங்கிலத்தின் கிரீன் எங்கெல்லாம் பாராட்டாக வருகிறதோ அங்கெல்லாம் நாம் பசுமை என்றோம். வேகாததும் வசவும் பச்சையின் பங்குக்குப் போயின. 1971இல் கிரீன்பீஸ் இயக்கம், 1980இல் ஜெர்மனியின் பசுமைக் கட்சி. ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றி 1945இலேயே நூல் எழுதி, கடைசிக் காலத்தில் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்த ஜே. சி. குமரப்பாவை இன்று பசுமைக் காந்தியர் என்கிறார்கள். அவர் எழுதியபோது அந்த அடைமொழிக்கு இந்தப் பொருளே இல்லை. காரியத்தைச் செய்துவிட்டுப் போனார். அடைமொழி பின்னால் வந்தது. இன்று பல இடங்களில் அடைமொழி முதலில் வருகிறது, காரியத்தைக் காணோம்.

தோலுக்குத் திரும்புகிறேன். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலூர் வழக்கு என்று பெயர் இருந்தாலும் அது உங்கள் வழக்கும்கூட. அந்தத் தீர்ப்பு பெயர் சொல்லிய ஐந்து மாவட்டங்களில் ஒன்று அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போய்விட்டன என்ற ஆய்வு விவரம் அதில் இருக்கிறது. தோல் ஆலைப் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ பாழானது என்றும் இருக்கிறது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது இந்த வழக்கில்தான். இப்படிப்பட்ட வழக்குகளைக் கவனிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு சிறப்பு அமர்வு வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு என்ன பெயர் தெரியுமா? கிரீன் பெஞ்ச். பச்சைத் தோலின் கழிவுநீரிலிருந்து பசுமை அமர்வு பிறந்தது. 2010இல் வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்துக்கு முன்பே நம் மாநிலத்தில் இந்தப் பெயர் நீதிமன்ற வாசலில் எழுதப்பட்டுவிட்டது.

சொல் நல்லது. ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே அது எப்படி அளக்கப்படுகிறது என்று பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016இல் தொழில்களுக்கு மதிப்பெண் போட்டுப் பிரித்தது. அப்போதைய கணக்கில் 60ம் அதற்கு மேலும் சிவப்பு, 41 முதல் 59 வரை ஆரஞ்சு, 21 முதல் 40 வரை பச்சை, 20 வரை வெள்ளை. தோல் பதனிடுதலும் சாயப்பட்டறையும் சிவப்பில் இருந்தன. கவனியுங்கள், அந்தப் பட்டியலில் குறைந்த மாசு உள்ளது வெள்ளை. பச்சை அதைவிட மோசம். ‘எங்கள் தொழிற்சாலை கிரீன் கேட்டகிரி’ என்று விளம்பரத்தில் போட்டால் வாசிக்கிறவர் என்ன நினைப்பார்? சிவகாசியின் கிரீன் பட்டாசும் இப்படித்தான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இனி இவைதான் என்று சொன்னது; நீரி ஆய்வு நிறுவனம் வகுத்த கலவை அது; வழக்கமான பட்டாசைவிடத் தூசுப் புகை சுமார் 30 சதவீதம் குறைவு. மிச்சம் 70 சதவீதம் நுரையீரலுக்குத்தான். தமிழில் பசுமைப் பட்டாசு என்று எழுதியதும் அது செடியிலிருந்து பறித்தது போலத் தொனிக்கிறது. ‘முன்பைவிடக் கொஞ்சம் தேவலை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரும் கிரீனுக்கு நாம் முழு மதிப்பெண் கொடுத்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம். பத்திரிகை நண்பர்கள் ‘புகை குறைந்த பட்டாசு’ என்று எழுதினால் ஒரு பொய் குறையும். என் ஓட்டு அதற்குத்தான்.

இந்த ஏமாற்றுக்கு ஆங்கிலத்திலேயே பெயர் வைத்துவிட்டார்கள்: கிரீன்வாஷ். 1986இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்பவர், விடுதிகள் துண்டைத் துவைக்காமல் சுற்றுச்சூழலைக் காப்பதாகச் சொல்லிச் சலவைக் காசை மிச்சப்படுத்துவதைக் கிண்டல் செய்து உண்டாக்கிய சொல். 2024இல் நம் நாட்டின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் இதைத் தடுக்க வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. தமிழில் பசுமைப் பூச்சு, பசுமைக் கண்துடைப்பு என்றெல்லாம் கலைச்சொல் தேடுகிறார்கள். எதற்குத் தேட வேண்டும்? நான்கு மொழிக்காரர்களும் காலங்காலமாகச் சொல்லி வைத்திருக்கிறார்களே, பச்சைப் பொய் என்று. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது, பொருளுக்குப் பொருளும் பொருந்துகிறது.

கடைசியாக ஒன்று, இங்கே வந்திருக்கும் திராட்சை விவசாயிகளுக்காக. பூச்சிமருந்துப் புட்டியில் சாய்த்து வைத்த ஒரு சதுரம் அச்சிட்டிருக்கும். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள்படி அதன் கீழ் முக்கோணத்தில் நிறம் போட வேண்டும். கடும் நஞ்சுக்குச் சிவப்பு, அடுத்ததுக்கு மஞ்சள், அதற்கும் அடுத்ததுக்கு நீலம். பச்சையும் உண்டு. இது இயற்கை மருந்து என்று கடைக்காரர் அந்தப் பச்சையைக் காட்டிச் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த விதிப்படி பச்சை என்றால் கொஞ்சம் நஞ்சு. மேல் முக்கோணத்தில் எச்சரிக்கை என்ற சொல் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையுறை போட்டுக்கொண்டு அடியுங்கள்.